யுகுலேலே சரியாக ஒலிக்கவில்லையா? சரிசெய்வதா, திருப்பி அனுப்புவதா – அறிகுறி பார்த்து முடிவெடுக்க

குட்டிக் கிட்டார் போல நான்கு தந்திகளோடு இருக்கும் யுகுலேலேவை வாங்கப் போனால் பேச்சு முதலில் மரத்தில்தான் தொடங்கும். கோவாவா, மஹோகனியா, அக்கேஷியாவா? அடுத்தது பிராண்டு. இரண்டுமே இரண்டாம்பட்சம் என்பது என் கட்சி. முதல் கேள்வி வேறு: இந்தக் கருவியில் இருக்கும் குறை புதுத் தந்தியாலோ அரத்தால் கொஞ்சம் தேய்ப்பதாலோ தீருமா, இல்லை பிறவிக் கோளாறா? முதல் வகைக் குறை நல்ல கருவிகளிலும் இருக்கும். தொழிற்சாலையில் தந்தி மாட்டி, மெருகேற்றி, பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார்கள்; செட்டப் என்று சொல்லும் கடைசி நுண்வேலையைப் பல இடங்களில் யாரும் செய்வதில்லை. இரண்டாம் வகைக் குறை இருந்தால் எவ்வளவு அழகான மரமாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இதில் ஒரு சங்கடம். இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பக் கிடைக்கும் கெடு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். புதுத் தந்தி சுருதியில் நிலைக்கவே ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும். "தந்தி செட் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இருந்தால் கெடு போய்விடும். அதனால் தந்தியைச் சாராத சோதனைகளைப் பெட்டி பிரித்த அன்றே செய்துவிடுங்கள். தேவையானவை ஓர் அளவு நாடா, நாலைந்து பழைய ஏடிஎம் அட்டைகள், ஒரு காகிதத் துண்டு, போனில் ஒரு ட்யூனர் செயலி.

உறுப்புகளின் பெயர் தெரியாதவர்களுக்கு: கழுத்தின் உச்சியில் தந்திகள் காடிகளில், அதாவது அறுத்த சிறு பள்ளங்களில், உட்காரும் வெள்ளைப் பட்டை நட். உடலின் மேல் ஒட்டியிருக்கும் கட்டை பிரிட்ஜ். அதன் மேல் நிற்கும் சின்ன வெள்ளைப் பட்டை சாடில். வீணையில் மெட்டு என்பதுதான் இங்கே ஃப்ரெட். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையிலுள்ள உயரம் ஆக்‌ஷன்.

சுருதி சேர்த்தாயிற்று, ஆனாலும் எல்லாமே தப்பாகக் கேட்கிறது

கருவியைக் குறை சொல்வதற்கு முன் சுருதியைப் பார்க்கலாம். சிறியதிலிருந்து பெரியதாக சோப்ரானோ, கான்சர்ட், டெனர் என்ற மூன்று அளவுகளுக்கும் வழக்கமான சுருதி ஒன்றே: கருவியைப் பிடித்தபடி மேலிருந்து கீழே ஜி, சி, ஈ, ஏ. ட்யூனர் எழுத்தை மட்டும் காட்டும், ஸ்தாயியைச் சில செயலிகள் காட்டாது. அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஹெர்ட்ஸ் கணக்கில் ஜி 392, சி ஏறக்குறைய 262, ஈ ஏறக்குறைய 330, ஏ 440. தந்தி தொளதொளவென்று தொங்கினால் ஒரு ஸ்தாயி கீழே இருக்கிறது. முறுக்க முறுக்க எழுத்து வராமல் தந்தி கம்பிபோல விறைத்தால் நிறுத்திவிடுங்கள், அடுத்து அறுந்துவிடும்.

"மேல் தந்தி மெலிதாக இருக்கிறதே, கிட்டாரில் மேலேதானே தடிமன்? மாற்றிப் போட்டு அனுப்பிவிட்டார்களோ?" என்ற சந்தேகமும் அடிக்கடி வரும். அது குறை இல்லை. ஜி தந்தி சி-யைவிட உயர்ந்த சுருதியில் இருப்பதுதான் இந்தக் கருவியின் குணம். அந்தத் துள்ளலான ஓசை அதிலிருந்துதான் வருகிறது. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் மதேய்ரா தீவிலிருந்து ஹொனலுலுவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்காகப் போர்ச்சுகீசியர் வந்து இறங்கினார்கள். அவர்களில் மரவேலை தெரிந்த மூவர், தங்கள் ஊர்ச் சிறு கருவிகளான மச்செட்டே, ரஜாவ் இரண்டையும் வைத்து அங்கே செய்து விற்றதுதான் யுகுலேலே. உருவம் பெரும்பாலும் மச்செட்டேயுடையது, சுருதி ரஜாவுடையது.

தடிமனான தந்தி சி, அது மேலிருந்து இரண்டாவதாக இருக்க வேண்டும். இடம் மாறியிருந்தால் மாட்டியவர் கவனக்குறைவு. கழற்றி மாற்றினால் தீர்ந்தது. கருவி டெனரைவிடப் பெரிய பாரிட்டோனாக இருந்தால் கதையே வேறு: அதன் சுருதி டி, ஜி, பி, ஈ. அதில் சி கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் விரல் பிடிப்புதான் கார்டு) பிடித்தால் ஜி கார்டு ஒலிக்கும். முதல் கருவியாக பாரிட்டோன் வாங்கிவிட்டு யூடியூப் பாடத்தோடு சேரவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. பழுது ஒன்றும் இல்லை, ஆனால் அந்தப் பாடத்துக்கு அது வேண்டிய கருவி இல்லை. கெடுவுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

சுருதி நிற்கவே மாட்டேன் என்கிறது

புதுத் தந்தி என்றால் இழுபடும். நைலானும் அதன் சொந்தக்காரர்களும் அப்படித்தான். ஒவ்வொரு தந்தியையும் நடுவில் பிடித்து மெதுவாக மேலே இழுத்து, மறுபடி சுருதி சேர்த்து, இதையே நாலைந்து முறை செய்தால் வேகமாக நிலைக்கும். வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

இரண்டு வாரம் கழிந்தும் ஓடிக்கொண்டே இருந்தால் முடிச்சைப் பாருங்கள். பிரிட்ஜில் தந்தியைக் கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் பேனாவால் தந்தியில் ஒரு புள்ளி வையுங்கள். மறுநாள் புள்ளி நகர்ந்திருந்தால் முடிச்சு வழுக்குகிறது. அவிழ்த்து இன்னொரு சுற்றுக் கூடுதலாகக் கட்ட வேண்டும். மேலே, சுருதி சேர்க்கத் திருகும் முறுக்காணியின் தண்டில் தந்தி இரண்டு மூன்று சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும்.

அடுத்து முறுக்காணி. இது இரண்டு வகை. பல்சக்கரம் வைத்ததில் 14:1 போன்ற விகிதம் இருக்கும், அதாவது பிடியைப் பதினான்கு சுற்று சுற்றினால் தண்டு ஒரு சுற்று சுற்றும். உராய்வில் நிற்கும் வகையில் வீணைப் பிருடை போல நேரடித் திருப்பம்தான், ஒரு மயிரிழை திருப்பினாலே சுருதி எகிறும். அந்த வகையில் பிடியின் நுனியில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். ஆணி தானாகத் திரும்பினால் அதைக் கால் சுற்று இறுக்குங்கள், பெரும்பாலும் அத்தோடு சரி. உராய்வு ஆணி என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம், விலை உயர்ந்த சோப்ரானோக்களிலும் அது உண்டு. ஆனால் மலிவுக் கருவியில் வரும் உராய்வு ஆணி பெரும் தொல்லை. முதல் கருவிக்குப் பல்சக்கரமே நல்லது.

முறுக்கும்போது நட்டிலிருந்து "டிக்" என்று சத்தம் வந்து சுருதி குதித்தால் தந்தி காடியில் சிக்கிச் சிக்கி நகர்கிறது. தந்தியைத் தளர்த்தி, காடியில் பென்சில் முனையைத் தேய்த்துக் கரி பூசுங்கள். சுருதி சேர்க்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே வந்து நிறுத்துவது பழக்கமாகட்டும். ஏசி அறையிலிருந்து மாடிக்குக் கொண்டுபோனால் சுருதி மாறும். அதைக் குறையில் சேர்க்காதீர்கள்.

சி கார்டு நன்றாக இருக்கிறது, எஃப்-பும் ஜி7-உம் கசக்கின்றன

என் கணக்கில் புது யுகுலேலேக்களில் அதிகம் காணும் குறை இதுதான். அதிகம் பேர் "எனக்குக் காது சரியில்லை போல" என்று தங்களையே நொந்துகொள்ளும் குறையும் இதுதான்.

ஏன் இந்தக் கார்டுகள் மட்டும்? சி பிடிக்கும்போது ஏ தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டை மட்டும் அழுத்துகிறோம். எஃப்-பிலும் ஜி7-இலும் ஈ தந்தியின் முதல் ஃப்ரெட்டை அழுத்த வேண்டியிருக்கிறது. நட்டில் காடிகள் போதுமான ஆழம் அறுக்கப்படாமல் இருந்தால், முதல் ஃப்ரெட்டில் தந்தி மிக உயரத்தில் நிற்கும். அதைக் கீழே அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். நட்டிலிருந்து தள்ளிப் போகப் போக இந்தப் பாதிப்பு குறையும். அதனால்தான் மூன்றாம் ஃப்ரெட் ஏறக்குறைய ஒழுங்காகவும் முதல் ஃப்ரெட் கசப்பாகவும் ஒலிக்கின்றன.

உறுதி செய்துகொள்வது எளிது. ஈ தந்தியைத் திறந்த நிலையில் துல்லியமாகச் சேர்த்துவிட்டு, முதல் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால், ஒலி தெளிவாக வரும் அளவுக்கு மட்டும் அழுத்தி மீட்டுங்கள். எஃப் வர வேண்டும். அரைச் சுரத்தை நூறு பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். பல ட்யூனர்கள் இதைக் காட்டும். ஐந்து சென்ட் தள்ளியிருந்தால் கவலையில்லை. பத்து வரை பொறுக்கலாம். இருபது என்றால் காது நிச்சயம் கண்டுபிடிக்கும். முரட்டுத்தனமாக அழுத்தினால் எந்த நல்ல கருவியும் பத்து சென்ட் ஏறிக் காட்டும், அதனால் இந்தச் சோதனையை மெல்லிய விரலோடு செய்யுங்கள்.

இன்னொரு சோதனை இதைவிடத் தெளிவானது. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, மறுபடி சுருதி சரிபார்த்து, அதற்கு அடுத்த ஃப்ரெட்டுகளை ஒவ்வொன்றாக ட்யூனரில் பாருங்கள். இப்போது எல்லாம் ஒழுங்காக வந்தால் குற்றவாளி நட் மட்டுமே, கழுத்தும் ஃப்ரெட்டுகளும் நிரபராதிகள். கேப்போ இல்லையென்றால் கண்ணால் பார்க்கலாம்: தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று நோக்குங்கள். மயிரிழை இடைவெளி இருந்தால் சரி. வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தால் காடி உயரம்.

இது தீரக்கூடிய குறை. கிட்டார் பழுது பார்ப்பவர் நட் அரம் வைத்துச் சீக்கிரம் முடித்துத் தருவார். வீட்டில் செய்வதானால் தந்தியின் தடிமனுக்கேற்ற மெல்லிய அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு, தந்தியை மறுபடி வைத்துப் பார்ப்பது, மீண்டும் இரண்டு இழுப்பு என்று போக வேண்டும். காடி ஆணிகள் இருக்கும் தலைப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கட்டும். அளவு மீறி இறங்கிவிட்டால் திறந்த தந்தி முதல் ஃப்ரெட்டில் இரையும். அப்போது காடியில் சமையல் சோடாவை நிரப்பி ஒரு துளி பெவிக்விக் விட்டால் கல்லாக இறுகும், மறுபடி அறுத்துக்கொள்ளலாம்.

மற்றதெல்லாம் நன்றாக இருந்து இது மட்டும் குறை என்றால் நான் அந்தக் கருவியை வைத்துக்கொள்ளச் சொல்வேன். திருப்பி அனுப்பி வாங்கும் அடுத்ததிலும் அதே நட் இருக்க வாய்ப்பு அதிகம்.

மேலே போகப் போக சுருதி விலகுகிறது

முதல் சில ஃப்ரெட்டுகள் பரவாயில்லை, ஏழு, பத்து, பன்னிரண்டு என்று போகும்போது சுருதி ஏறிக்கொண்டே போகிறது. இதற்குப் பழைய தந்தி, உயரமான ஆக்‌ஷன், தப்பான இடத்தில் ஒட்டிய பிரிட்ஜ் என மூன்று காரணங்கள் இருக்கலாம். முதல் இரண்டும் தீரும், மூன்றாவது தீராது. அதனால் மூன்றாவதை முதலில் பாருங்கள், அதுவும் முதல் நாளே.

நட்டின் உள்விளிம்பிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் நடுவரை அளந்துகொள்ளுங்கள். அங்கிருந்து சாடிலில் தந்தி தொடும் இடம்வரை அளந்தால் அதே நீளமோ, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடவோ வர வேண்டும். அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி ஏறுவதை ஈடுகட்டத்தான் அந்தக் கூடுதல். மாறாக இரண்டாம் நீளம் குறைவாக இருந்தால் பிரிட்ஜை முன்னால் தள்ளி ஒட்டிவிட்டார்கள். மேலே போகிற ஒவ்வொரு சுரமும் என்றைக்கும் உயர்ந்தே ஒலிக்கும். பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

அதே நாடாவால் ஃப்ரெட்டுகளின் இடத்தையும் பார்த்துவிடலாம். நட்டிலிருந்து பன்னிரண்டுவரை உள்ள நீளத்தை இரண்டால் பெருக்குங்கள், அது முழு நீளம். ஐந்தாம் ஃப்ரெட் அதில் ஏறக்குறைய கால் பங்கிலும் ஏழாம் ஃப்ரெட் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலும் நிற்க வேண்டும். முழு நீளம் 350 மில்லிமீட்டர் உள்ள சோப்ரானோவில் ஐந்தாவது 88, ஏழாவது 116, பன்னிரண்டாவது 175 என்ற இடங்களில் வரும். ஒவ்வொரு ஃப்ரெட்டும், அதற்கு முன்பு எஞ்சியிருக்கும் நீளத்தில் 17.817-இல் ஒரு பங்கு தள்ளி அமைவது விதி. நாடாவில் ஒரு மில்லிமீட்டர் முன்பின் தெரிந்தால் அது நாம் அளந்த பிசகாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகினால் அது பொம்மை. கார்ட்டூன் படம் ஒட்டி, பரிசுப் பொருளாக விற்கும் வண்ண யுகுலேலேக்களில் இதைக் காணலாம்.

வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிப்பார்கள். சுரம் விலகினால் மேளம் கட்டுகிறவர் இளக்கி நகர்த்திவிடலாம். யுகுலேலேயில் மரத்தில் காடி அறுத்து அடித்து இறக்கிய ஃப்ரெட், நகராது. ஆகையால் இந்த ஒரு குறைக்கு மன்னிப்பே கிடையாது. கோவா மரமானாலும் சரி.

மரமே இல்லாமலும் ஃப்ரெட் ஒழுங்காக இருந்தால் கருவி பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு மரியோ மக்கஃபெரி ஒரு சாட்சி. கிட்டார் கலைஞரும் கருவி செய்பவருமான அவர் 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்து ஐலாண்டர் என்ற யுகுலேலேவைக் கொண்டுவந்தார். அச்சு சரியாக இருந்தால் ஃப்ரெட் இடம் தப்பாது. இலட்சக்கணக்கில் விற்றது. இன்றைக்கும் பிளாஸ்டிக் உடலோடு வரும் சில பயண யுகுலேலேக்கள், அதே விலையில் கிடைக்கும் மர உடல் கருவிகளைவிடச் சுருதி சுத்தம்.

அளவு சரியாக இருக்கிறது, ஆனாலும் சுருதி விலகுகிறது, அதுவும் ஒரே ஒரு தந்தியில்தான் என்றால் தந்தியை மாற்றிப் பாருங்கள். சில தந்திகள் நெடுக ஒரே தடிமனில் இருப்பதில்லை.

அழுத்தினால் விரல் வலிக்கிறது

கிட்டாரோடு ஒப்பிட்டால் யுகுலேலே விரலுக்கு மிருதுவான கருவி. முதல் வாரம் கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான். ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பார் கார்டு வேண்டாம், வெறும் எஃப் பிடிக்கவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தால் ஆக்‌ஷன் உயரம்.

ஏடிஎம் அட்டை ஒன்றின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல், தந்திக்கு அடியில் அட்டைகளை அடுக்கி நுழையுங்கள், தந்தியைத் தூக்காமல். மூன்று அட்டை உரசாமல் போனால் நல்ல உயரம். நான்கு போனால் இருக்கலாம், கொஞ்சம் இறக்கினால் சுகம். ஐந்து தாராளமாகப் போனால் வேலை செய்தே ஆக வேண்டும்.

இறக்குவதற்கு முன், ஏன் உயர்ந்திருக்கிறது என்று பாருங்கள். கருவியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பக்கவாட்டில் நோக்கினால், பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை வயிறு தள்ளியிருக்கிறதா, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் கீறல் இடைவெளி தெரிகிறதா, கழுத்து வில்லாக வளைந்திருக்கிறதா என்பது புரியும். வயிறு லேசாகத் தள்ளியிருப்பது சாதாரணம். மற்ற இரண்டும் புதுக் கருவியில் இருந்தால் திருப்பிவிடுங்கள். கிட்டாரில் கழுத்தை நிமிர்த்த உள்ளே ஒரு இரும்புக் கம்பி இருக்கும்; பெரும்பாலான யுகுலேலேக்களில் அது கிடையாது.

இவை எதுவும் இல்லாமல் வெறும் உயரம் என்றால் சாடிலை வெளியே எடுத்து அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்க்கலாம். சாடிலில் ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர்தான் இறங்கும். தாளைக் கண்ணாடி மேல் ஒட்டி, சாடிலை நிமிர்த்திப் பிடித்துத் தேய்த்தால் அடி மட்டமாக வரும். கோணினால் ஒரு தந்தி மங்கும்.

எஃகுத் தந்தி மாட்டியிருந்தால் உடனே கழற்றுங்கள். நைலானுக்காகச் செய்த கருவியில் எஃகு போட்டால் அந்த இழுவையில் பிரிட்ஜ் பெயரும்.

இரைச்சல்

தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூல் வைத்து ஜீவா வரவழைப்போம். இங்கே அந்த இரைச்சல் வேண்டாத விருந்தாளி. எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து வைத்தியம்.

திறந்த தந்தியில் மட்டும் இரைந்து, முதல் ஃப்ரெட்டை அழுத்தியதும் நின்றால் நட் காடி ஆழம் மிஞ்சிவிட்டது. சோடா வைத்தியம் மேலே சொன்னதுதான்.

ஒரே ஒரு ஃப்ரெட்டில் இரைந்தால் அதற்கு அடுத்தது தூக்கி நிற்கிறது. ஏடிஎம் அட்டையின் நீளமான ஓரத்தை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் ஒரே சமயத்தில் படும்படி வைத்து ஆட்டிப் பாருங்கள். மேல் ஃப்ரெட்டுகளில் நெருக்கம் அதிகம் என்பதால் அட்டையின் குட்டை ஓரம் போதும். அட்டை ஊஞ்சல் ஆடினால் நடுவில் இருப்பது உயரம். ஒன்றிரண்டு இப்படி இருந்தால் பழுது பார்ப்பவர் தட்டி இறக்கியோ ராவியோ சரிசெய்வார். வரிசையாக ஆடினால் அந்தக் கருவியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

எந்தத் தந்தியை மீட்டினாலும், குறிப்பாக ஒரு சுரத்தில், எங்கோ தகரம் போல ஒன்று அதிர்ந்தால் அது ஃப்ரெட்டே இல்லை. முறுக்காணியை இறுக்கிப் பிடிக்கும் மரை தளர்ந்திருக்கும், முடிச்சின் வால் நுனி மேல்பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஒலிபெருக்கியோடு இணைக்கும் பிக்கப் இருந்தால் அதன் வயர் உள்ளே ஆடும். ஒருவர் மீட்ட இன்னொருவர் ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்தால் அகப்பட்டுவிடும். எதுவும் அகப்படவில்லை, மேல்பலகையை விரல் கணுவால் தட்டினால் உள்ளே கலகலக்கிறது என்றால் பலகையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தாங்குகட்டை ஒட்டு விட்டிருக்கிறது. புதிது என்றால் மாற்றிக் கேளுங்கள்.

அட்டைப் பெட்டியைத் தட்டியது போல மந்தமாக ஒலிக்கிறது

முதலில் தந்தியை மாற்றுங்கள். மலிவுக் கருவிகளில் வரும் கறுப்பு நைலான், ஓசையின் பாதியைத் தின்றுவிடும். இத்தாலியின் அக்கீலா செய்யும் நைல்கட் வகையோ, ஃப்ளூரோகார்பன் வகையோ போட்டால் அதே கருவி வேறாக ஒலிப்பதைக் கேட்கலாம். ஃப்ளூரோகார்பன் மெலிதாகவும் அடர்த்தியாகவும் இருக்கும், ஒலி பளிச்சென்று வரும். தூண்டில் நரம்பும் அதே பொருள்தான்.

தந்தி மாற்றியும் மந்தம் தீரவில்லையென்றால் மேல்பலகை கனமாக இருக்கிறது, அல்லது அதன் மேல் வார்னிஷைக் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். இதற்கு மருந்தில்லை. கிட்டாருக்குப் பேர்போன மார்ட்டின் நிறுவனமே இதில் அடி வாங்கியது. 1907 வாக்கில் அவர்கள் செய்துபார்த்த யுகுலேலேக்கள் ஸ்ப்ரூஸ் மேல்பலகையும் உள்ளே மிதமிஞ்சிய தாங்குகட்டைகளுமாக, குட்டிக் கிட்டாராகவே இருந்தன. ஓசை எழும்பவில்லை, எடுபடவில்லை. 1915-இல் சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சிக்குப் பிறகு நாடெங்கும் யுகுலேலே பித்துப் பிடித்த சமயத்தில், இலேசான மஹோகனியில் மறுபடி செய்து விற்றார்கள். கடையில் எடுத்துப் பார்க்கும்போது கருவி எதிர்பார்த்ததைவிடக் கனத்தால் சந்தேகப்படுங்கள்.

முழு மரமா, ஒட்டுப் பலகையா என்று அறிய ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மர ரேகைகள் விளிம்பில் மடிந்து கீழே இறங்கினால் முழு மரம். பேக்கரி பஃப்ஸ் போல அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டு. விளம்பரத்தில் வெறும் "மஹோகனி" என்று இருந்தால் ஒட்டு என்றே கொள்ளுங்கள். "சாலிட் டாப்" என்றால் மேல்பலகை மட்டும்தான் முழு மரம், பக்கமும் முதுகும் ஒட்டு.

முழு மரம் நன்றாக ஒலிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு 45-இலிருந்து 55 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். நம் கடலோர ஊர்களில் சன்னல் பக்கம் ஒரு காலநிலை, ஏசி ஓடும் அறையில் இன்னொரு காலநிலை. முதல் கருவிக்கு நன்றாகச் செய்த ஒட்டுப் பலகையே போதும் என்பேன். கோவா ஹவாயில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம், விலையும் அதற்கேற்றாற்போல. மாமரத்திலும் நல்ல யுகுலேலேக்கள் செய்கிறார்கள், ஓசையில் குறை சொல்ல முடியாது.

விரல்கள் ஒன்றையொன்று இடிக்கின்றன

டி கார்டில் மூன்று விரல் ஒரே ஃப்ரெட்டில் நெருக்கியடிக்கும்போது "என் கை பெரிது, பெரிய யுகுலேலே வாங்க வேண்டும்" என்று தோன்றும். பாதி உண்மை. சோப்ரானோவின் தந்தி நீளம் 13-14 அங்குலம், கான்சர்ட் 15, டெனர் 17. பெரிதாகப் போனால் ஃப்ரெட்டுகளின் இடைவெளி நீளவாக்கில் அதிகரிக்கும். தந்திக்கும் தந்திக்கும் இடையே உள்ள அகலம் நட்டின் அகலத்தைப் பொறுத்தது, அது சோப்ரானோவிலும் டெனரிலும் ஒன்றாகவே இருக்கலாம். பக்கத்துத் தந்தியை விரல் தொடுகிறது என்பதுதான் தொந்தரவு என்றால் 35 மில்லிமீட்டர் நட்டுக்குப் பதில் 38 உள்ளதைத் தேடுங்கள். பேர்பெற்ற யுகுலேலே கலைஞர் ஜேக் ஷிமாபுகுரோ வாசிப்பது கமாகா நிறுவனத்தின் டெனர் என்பதற்காக நீங்களும் டெனரில் தொடங்க வேண்டியதில்லை. பெரியவர் கைக்குக் கான்சர்ட், குழந்தைக்குச் சோப்ரானோ. இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை.

ஃப்ரெட் நுனி கீறுகிறது, பிரிட்ஜ் தூக்குகிறது, வெடிப்பு தெரிகிறது

கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டினால் ஃப்ரெட் நுனிகள் கீறினால், ஃப்ரெட் பலகை வறண்டு சுருங்கியிருக்கிறது, அல்லது நுனியை ராவாமல் விட்டிருக்கிறார்கள். மெல்லிய அரம் போதும். இதற்காக யாரும் திருப்பி அனுப்ப வேண்டாம்.

பிரிட்ஜின் பின்விளிம்பில் காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். நுழையவே கூடாது. புதுக் கருவியில் நுழைந்தால் அன்றே திருப்புங்கள். பழைய கருவி என்றால் எல்லாத் தந்தியையும் தளர்த்திவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள், முழுக்கப் பெயர்த்து, சுத்தம் செய்து, மரப்பசையில் ஒட்டிக் கவ்வி வைப்பார். சந்துக்குள் பெவிக்விக்கைப் பாய்ச்சி அழுத்திப் பிடிக்கும் குறுக்கு வழி வேண்டாம். அடுத்த முறை பெயரும்போது மேல்பலகை நாரையும் பிய்த்துக்கொண்டு வரும்.

வெடிப்புபோலத் தெரியும் கோடு வார்னிஷில் மட்டும்தானா என்று பார்க்க, அதன் இரண்டு பக்கத்தையும் கட்டைவிரல்களால் மெதுவாக அழுத்துங்கள். இரு ஓரங்களும் தனித்தனியாக அசைந்தால் மரமே பிளந்திருக்கிறது. பழைய யுகுலேலேவை யாரிடமாவது வாங்கப் போகும்போது இதையும் பிரிட்ஜையும் மட்டுமாவது பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வாங்கி வரும் வழியில் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகவும் வேண்டாம், அந்தச் சூட்டில் பசை இளகி விடும்.